எவ்வளவு தெரிந்தால் போதும்?
விழித்திரை அறுவை சிகிச்சையில் பார்வைக் கருவிகள் குறித்த ஓர் ஆய்வு

விழித்திரை அறுவை சிகிச்சையின் நூறாண்டு வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. அறுவை மருத்துவருக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தால், சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கும் இன்னும் தெளிவாகத் தெரியுமா? ஆம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஒவ்வொரு தலைமுறையும் அப்படித்தான் சொல்லி வந்தது. ஆனால் கருவிகள் பெருகப் பெருக அந்த விடையை நிறுவுவது கடினமாகிக்கொண்டே வருகிறது.

மற்ற உறுப்புகளின் அறுவையில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. வயிற்றையோ எலும்பையோ தொட்டுச் சிகிச்சை செய்பவருக்குக் கண்ணோடு கையும் செய்தி சொல்லும். விழித்திரையின் தடிமனோ சுமார் கால் மில்லிமீட்டர். அதன்மீது செயல்படும் விசைகள் பெரும்பாலும் விரல் நுனியால் உணர முடியாத அளவுக்குச் சிறியவை. கருவி திசுவைத் தொட்டுவிட்டதா, எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். பார்ப்பதற்கோ கண்மணி என்ற சிறு துவாரம் ஒன்றுதான் வழி. அதற்கு முன்னே கருவிழியும் லென்சும் நிற்கின்றன. அவற்றில் எது மங்கினாலும் வழி அடைபடும். ஆகவே இத்துறையில் ஒவ்வொரு பெரிய முன்னேற்றத்துக்கும் அடியில் பார்க்கும் முறையில் ஒரு மாற்றம் இருக்கிறது.

கிழிசலைத் தேடிய காலம்

உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண வழிசெய்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851இல் அவர் அறிமுகப்படுத்திய கண்ணோக்கி, நோயைக் காட்டியது. ஆனால் குணப்படுத்தும் வழி பிறக்க இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழித்திரை விலகல் என்பது ஏறக்குறைய குருட்டுத்தன்மைக்கு மறுபெயர். சிகிச்சையால் குணமானவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் அன்று பேசப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல் கோனான் இதை மாற்றினார். விழித்திரையில் உள்ள கிழிசல்தான் விலகலுக்குக் காரணம், அதைக் கண்டுபிடித்து மூடினால் விழித்திரை தானே ஒட்டும் என்பது அவர் வாதம். சகாக்கள் பலர் ஏற்கவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பன்னாட்டுக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவர் கருத்து பரவலான ஒப்புதலைப் பெற்றது. கோனானின் வெற்றிக்கு அடிப்படை, கிழிசலைத் தேடி அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்த அவருடைய பொறுமை. அவர் கையாண்ட சூட்டுக்கருவி அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். ‘நன்றாகப் பார்ப்பதே பாதிச் சிகிச்சை’ என்ற நிலைப்பாட்டின் வேர் இங்கிருக்கிறது.

அடுத்த தலைமுறையில் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெப்பன்ஸ், தலையில் அணிந்து இரு கண்களாலும் பார்க்கும் மறைமுகக் கண்ணோக்கியை 1940களில் உருவாக்கினார். விழித்திரையின் விளிம்புப் பகுதி முதன்முறையாக ஆழ உணர்வோடு தெரிந்தது. கிழிசல்கள் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் உண்டாகின்றன என்பதால், பார்வையில் கிடைத்த லாபம் நேரடியாகச் சிகிச்சையின் லாபமாக மாறியது. இந்த இரு கட்டங்களைப் பொறுத்தவரை நம் கேள்விக்கு விடை ஐயமற்றது. தெரியாத ஒன்று தெரிந்தது, தெரிந்ததால் குணமானது.

கண்ணுக்குள்ளே ஒளி

மயாமியில் பணிபுரிந்த ராபர்ட் மாக்கமர், 1970இல் கண்ணை முழுதாகத் திறக்காமல், சிறு துளை வழியே உள்ளே சென்று விட்ரியஸ் என்ற கூழை வெட்டி உறிஞ்சும் அறுவையைச் செய்தார். அதற்கு முன் அதே மயாமியில் டேவிட் காஸ்னர், கண்ணின் முன்பகுதியைத் திறந்துவைத்து அந்தக் கூழை அகற்றிக் காட்டியிருந்தார். மாக்கமரின் மூடிய முறை வேரூன்றியதற்கு வெட்டும் கருவி மட்டும் காரணமன்று. அறுவை நுண்ணோக்கி, கருவிழி மேல் வைக்கும் தட்டையான தொடுவில்லை, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சும் ஒளியிழை ஆகிய மூன்றும் கூடியபோதுதான் அந்த முறை நடைமுறைக்கு வந்தது.

தட்டையான தொடுவில்லை ஒரு சமயத்தில் காட்டிய பரப்பு சுமார் 20 முதல் 35 பாகை. விளிம்பைப் பார்க்கக் கண்ணைச் சாய்க்க வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மான்ஃபிரெட் ஸ்பிட்ஸ்னாஸ், கருவிழியைத் தொடாமலே நூறு பாகைக்கும் மேல் காட்டும் அகலக்கோண அமைப்பைக் கொண்டுவந்தார். அதில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தித் தரும் துணைக்கருவியையும் அவர் சேர்த்தே வடிவமைத்தார். இன்று உலகெங்கும் விழித்திரை அறுவைக்கூடங்களில் இந்த வகை அமைப்புகள்தான் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன.

பார்வைக்கு ஒரு விலை உண்டு என்பதும் இந்தக் காலத்தில்தான் தெரியவந்தது. அறுவை நுண்ணோக்கியின் ஒளியே விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் புண் உண்டாக்கலாம் என்று 1983இல் மெக்டொனால்டும் இர்வினும் பதிவு செய்தனர். பின்னர் துளைகள் சிறுத்தன. சுமார் 0.9 மில்லிமீட்டராக இருந்த கருவியின் விட்டம், 2002இல் அரை மில்லிமீட்டராகவும் 2010இல் 0.4 மில்லிமீட்டராகவும் குறைந்தது. ஒளியிழையும் கூடவே மெலிந்தது. மெல்லிய இழை வழியே போதிய ஒளி செல்ல, செனான் போன்ற கூடுதல் வலுவுள்ள விளக்குகள் தேவைப்பட்டன. நோயாளியின் காயம் சிறுக்கச் சிறுக்க, விழித்திரைமேல் விழும் ஒளியின் ஆபத்து குறித்த கவலை வளர்ந்தது. குறைந்த ஒளியில் நன்றாகப் பார்க்க முடியுமா என்ற இன்றைய முயற்சிகளுக்கெல்லாம் தூண்டுதல் இதுவே.

அகலக்கோணப் பார்வை பயனுள்ளது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதன் பங்கைத் தனியே பிரித்து அளப்பது கடினம். அதே ஆண்டுகளில் வெட்டும் கருவிகளின் வேகம் கூடியது. ஸ்டான்லி சாங் கனமான பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தை அறிமுகப்படுத்தினார். வாயுக்களும் சிலிக்கோன் எண்ணெயும் நன்கு கையாளப்பட்டன. வெற்றி விகிதம் உயர்ந்ததை எந்த ஒன்றின் கணக்கிலும் முழுதாக எழுத முடியாது. பின்னால் வரும் கருவிகளை மதிப்பிடும்போதும் இந்தச் சிக்கலை மறக்கக் கூடாது.

கண்ணுக்குப் புலப்படாத சவ்வும் சாயமும்

மாக்குலாத் துளையின் கதை நம் கேள்வியை மிக நெருக்கமாகச் சோதிக்கிறது. விழித்திரையின் நடுவே, எழுத்துப் படிக்கவும் முகம் அறியவும் உதவும் இடத்தில் உண்டாகும் இந்தத் துளைக்கு மருந்தில்லை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1991இல் கெல்லியும் வெண்டலும் விட்ரியஸை அகற்றி வாயு நிரப்பி 58 சதவீதக் கண்களில் துளையை மூடிக் காட்டினர். விழித்திரையின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் உள்ளெல்லைச் சவ்வை உரித்தெடுத்தால் இன்னும் நன்றாக மூடும் என்று அடுத்து வந்தவர்கள் கண்டனர். அந்தச் சவ்வின் தடிமன் சில மைக்ரான்களே. அது நிறமற்றது, ஒளி ஊடுருவுவது. நுண்ணோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு தெரியாது.

இங்கே ஒளியியல் நின்றுவிட, வேதியியல் துணைக்கு வந்தது. 2000இல் ஜப்பானின் கடோனோசோனோ குழுவினர் இண்டோசயனின் கிரீன் சாயத்தால் சவ்வைப் பச்சையாக்கி உரித்தனர். அதே ஆண்டில் பேமனும் சகாக்களும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டின் வெண்துகள்களைக் கொண்டு விட்ரியஸைப் புலப்படுத்தினர். ஆர்வம் வேகமாகப் பரவியது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் எச்சரிக்கைகளும் வந்தன. பச்சைச் சாயம் பயன்படுத்திய கண்கள் சிலவற்றில் பார்வைப் பரப்புக் குறைவும், விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப் படலத்தில் சிதைவும் காணப்பட்டன. சவ்வைக் காட்டிய பொருளே திசுவுக்கு ஊறு செய்யக்கூடும் என்பது தெளிந்தது. 2006இல் ஜப்பானின் எனாய்டா குழுவினர் முன்வைத்த பிரில்லியண்ட் புளூ சாயம், ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்ற கருத்து படிப்படியாக வலுப்பட்டது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு 2019 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. இந்தியாவில் மதுரை ஆரோலேப் போன்ற நிறுவனங்கள் கண் அறுவைச் சாயங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதால், இந்தக் கட்டத்தின் பயன் பெரிய செலவின்றிக் கிடைத்தது.

சவ்வை உரிப்பதால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நோயெமி லோயிஸ் தலைமையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதைச் சீட்டுப்போட்டுப் பிரித்த இரு குழுக்களில் சோதித்தது. பங்கேற்றவர் 141 பேர். ஒரு மாதத்தில் துளை மூடியது உரித்த குழுவில் 84 சதவீதத்தினருக்கு, உரிக்காத குழுவில் 48 சதவீதத்தினருக்கு. இவ்வளவு பெரிய வேறுபாடு கண் மருத்துவ ஆய்வுகளில் அரிது. ஆனால் ஆறாம் மாதத்தில் தூரப் பார்வையை அளந்தபோது இரு குழுக்களுக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூடாத கண்களுக்கு மறுஅறுவை செய்யப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். உரித்தவர்களுக்கு இரண்டாம் அறுவை பெரும்பாலும் தேவைப்படவில்லை என்பது உண்மையான லாபம். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. என்றாலும், விழித்திரையின் உருவம் சீரானதும் நோயாளியின் பார்வை தேறியதும் ஒரே விஷயமல்ல என்பதை இந்த ஆய்வு போல் தெளிவாகக் காட்டியவை குறைவு. புதிய பார்வைக் கருவிகள் எவற்றையும் எடைபோட இதுவே சரியான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

குறுக்குவெட்டில் காட்டும் ஓ.சி.டி.

நுண்ணோக்கி மேலிருந்து பார்க்கிறது. விழித்திரையின் அடுக்குகளைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோல் காட்டுவது ஓ.சி.டி. என்ற ஒளிவழிப் படக்கருவி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் குழு 1991இல் இதை வெளியிட்டது. வெளிநோயாளிப் பிரிவில் இன்று இது இல்லாமல் மாக்குலா நோய்களைக் கண்டறிவது கற்பனைக்கு எட்டாதது. அறுவைக்கூடத்துக்குள் இது நுழைந்தது மெதுவாகத்தான். முதலில் கையில் பிடித்தோ நுண்ணோக்கியில் மாட்டியோ, அறுவையை இடையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். 2010களின் நடுப்பகுதியில்தான் நுண்ணோக்கிக்குள்ளேயே பொருந்திய கருவிகள் விற்பனைக்கு வந்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் சிந்தியா டோத், ஜோசப் இஸாட் குழுவினர், நகரும் கருவியை முப்பரிமாணத்தில் உடனுக்குடன் காட்டும் அதிவேக அமைப்புகளை உருவாக்கினர்.

ஆதரவாளர்களின் வலுவான சான்று கிளீவ்லாந்து மருத்துவமனையில் ஜஸ்டிஸ் எலர்ஸ் குழு நடத்திய இரு தொடர் ஆய்வுகள். அவற்றில் இரண்டாவது, மூன்றாண்டுகளில் 837 கண்களை உள்ளடக்கியது. விழித்திரைப் பகுதி அறுவைகளில் சுமார் 29 சதவீதத்தில் ஓ.சி.டி. தந்த தகவல் மருத்துவரின் முடிவை மாற்றியதாக அது கூறியது. உரித்து முடிந்தது என்று எண்ணிய இடத்தில் சவ்வு எஞ்சியிருந்தது. வேறு சில கண்களில், எஞ்சியிருப்பதாகத் தோன்றிய இடத்தில் ஒன்றும் இல்லாததால் தேவையற்ற உரிப்பு தவிர்க்கப்பட்டது. அனுபவமுள்ள கண்களும் இப்படி ஏமாறுகின்றன என்பதே முக்கியமான கண்டுபிடிப்பு.

இந்தச் சான்றின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. முடிவு மாறியதாகச் சொன்னவர் கருவியைப் பயன்படுத்திய மருத்துவர். கருவியில்லாமல் செய்த ஒப்பீட்டுக் குழு இல்லை. மாறிய முடிவால் நோயாளியின் பார்வை மேம்பட்டதா என்பதற்கு அதில் விடை தேட முடியாது. எஞ்சிய சவ்வுத் துணுக்கு ஒன்று நோயாளிக்கு எந்தத் தீங்கும் செய்யாமலே போயிருக்கலாம். அதை எடுக்கப் போனதால் தீங்கு நேர்ந்திருக்கவும் கூடும். தொழில்நுட்பத் தடைகளும் உள்ளன. உலோகக் கருவிகள் தமக்குக் கீழுள்ள திசுவை நிழலால் மறைக்கின்றன. கண் அசைந்தால் படம் இலக்கை விட்டு விலகுகிறது. படத்தைப் படிக்க ஒரு கணம் செலவாகிறது, அந்தக் கணத்தில் கருவி கண்ணுக்குள்ளேதான் இருக்கிறது.

ஆயினும் ஒரு துறையில் ஓ.சி.டி.யின் வாதம் வேறு வகையானது. 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்த லக்ஸ்டர்னா மரபணு சிகிச்சையில், 0.3 மில்லிலிட்டர் திரவத்தை விழித்திரைக்கும் அதன் அடியிலுள்ள நிறமிப் படலத்துக்கும் நடுவே செலுத்த வேண்டும். ஊசி முனை எந்த அடுக்கில் நிற்கிறது என்பதை மேலிருந்து பார்த்து ஊகிக்கத்தான் முடியும். பக்கவாட்டுப் படமோ அதை நேராகவே காட்டுகிறது. கோனான் காலத்தைப் போலவே, வேறு வழியில் தெரியாத ஒன்று இங்கே தெரிகிறது. மாக்குலா உரிப்பில் ஓ.சி.டி. ஒரு வசதியாக இருக்கலாம். விழித்திரைக்கு அடியில் நடக்கும் சிகிச்சையில் அது அடிப்படைத் தேவையாக மாறக்கூடும்.

திரையைப் பார்த்து அறுவை

2016இல் ஜெர்மனியின் கிளாஸ் எக்கார்ட், நுண்ணோக்கியின் கண்வில்லைகளை விட்டுவிட்டு, முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பெரிய திரையைப் பார்த்தபடி விழித்திரை அறுவை செய்த அனுபவத்தை வெளியிட்டார். அதே காலத்தில் அல்கான் நிறுவனத்தின் என்ஜெனுயிட்டியும், 2019இல் சைஸ் நிறுவனத்தின் ஆர்டெவோவும் சந்தைக்கு வந்தன. வாக்குறுதிகள் மூன்று: தலை நிமிர்ந்து உட்காரலாம், கேமரா ஒளியைப் பெருக்கித் தருவதால் கண்ணுக்குள் குறைந்த ஒளி போதும், கூடத்தில் உள்ள அனைவரும் மருத்துவர் காண்பதையே காணலாம்.

இரண்டாவது வாக்குறுதிக்குச் சான்று உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 39 கண்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து 2019இல் வெளியான ஆய்வில், திரை முறையில் ஒளியளவு தெளிவாகக் குறைந்தது. மொத்த அறுவை நேரத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் மாக்குலாச் சவ்வை உரிக்கும் கட்டம் மட்டும் திரை முறையில் நீண்டது. பார்வை முடிவுகளில் வேறுபாடு காணப்படவில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட மாக்குலாத் துளை ஒப்பீட்டிலும் இரு முறைகளின் முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. குறைந்த ஒளி கோட்பாட்டளவில் பாதுகாப்பானது; ஆனால் வழக்கமான ஒளியில் இன்று எத்தனை கண்கள் உண்மையில் கெடுகின்றன என்பதைப் பொறுத்தே அந்தப் பாதுகாப்பின் மதிப்பு அமையும்.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் பொருளுண்டு. கேமரா, கணினி, திரை என்ற சங்கிலியில் பிம்பம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதிக்கிறது. பெரும்பாலான வேலைகளில் இது உணரப்படுவதில்லை. வேகமான நுண்ணசைவுகளில் உணர்ந்ததாகச் சிலர் கூறுகின்றனர். கண்வில்லை வழியே நாற்பதாண்டு பழகிய கைக்குத் திரை ஒரு மறுபயிற்சியைக் கேட்கிறது. கழுத்து, முதுகு வலி குறையும் என்ற முதல் வாக்குறுதியை நான் அற்பமாகக் கருதவில்லை. கண் மருத்துவர்களிடையே அந்த வலிகள் பரவலானவை, அவற்றால் ஒரு மருத்துவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் இழப்பு நோயாளிகளுக்கும்தான். ஆனால் நீண்டகாலத்தில் அது குறைகிறதா என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் கருத்துக்கணிப்புகளே.

மூன்றாவது வாக்குறுதிதான் என் பார்வையில் மிக வலுவானது. பழைய நுண்ணோக்கியில் பயிற்சி மருத்துவர் பக்கக்குழாய் வழியே ஒதுங்கிப் பார்த்தார். செவிலியர் இரு பரிமாணத் திரையில் ஓரளவு ஊகித்தார். முப்பரிமாணத் திரை முன் எல்லோருக்கும் ஒரே ஆழம் தெரிகிறது. ஆண்டுதோறும் பல இளம் மருத்துவர்களைப் பயிற்றும் பெரிய கண் மருத்துவமனைகளுக்கு இது உடனடிப் பயன். இதை அளந்த ஆய்வுகள் மிகக் குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

ஓரத்தில் நிற்பவை

1934இல் ஹார்வி தோர்ப் கண்ணுக்குள் நுழைத்த எண்டோஸ்கோப், இன்றும் சிறுபான்மைக் கருவியாகவே நீடிக்கிறது. ஆழ உணர்வு அதில் இல்லை. ஆனால் காயத்தால் கருவிழி முற்றிலும் மங்கிய கண்ணில், அதைச் சுற்றிச் சென்று உள்ளே பார்க்க அதுவே வழி. அத்தகைய கண்களில் ஒப்பீட்டு ஆய்வு கேட்பது நியாயமில்லை. ரோபோவோ இன்னும் தொடக்க நிலையில் உள்ளது. ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மக்லாரன் குழு 2016இல் முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் ரோபோவால் அறுவை செய்தது. 12 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில் ரோபோ பாதுகாப்பாக இயங்கியது, ஆனால் கையைவிட மெதுவாக. கையின் நடுக்கத்தை ரோபோ நீக்கிவிட்டால், துல்லியத்தின் எல்லையை முடிவு செய்வது படமாகவே இருக்கும்.

முடிவாகாதவை

விழித்திரை விலகலில் ஒரே அறுவையில் ஒட்டும் விகிதம் நல்ல மையங்களில் ஏற்கெனவே 85 முதல் 90 சதவீதம். மாக்குலாத் துளை 90 சதவீதத்துக்கும் மேல் மூடுகிறது. புதிய கருவி ஒன்று 90 சதவீதத்தை 92 ஆக உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வழக்கமான புள்ளியியல் நம்பகத்துடன் காட்ட ஒவ்வொரு குழுவிலும் சுமார் 3,200 கண்கள் தேவை. இதுவரை நடந்த ஒப்பீடுகளில் இருந்தவை சில பத்துகள். ஆகவே ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்ற முடிவுகளைப் பயனின்மைக்குச் சான்றாகவும் கொள்ள முடியாது. அவ்வளவு பெரிய ஆய்வை எந்த நிறுவனமும் தானாக நடத்தப்போவதில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் பயன்படுத்திய பார்வைக் கருவி, ஒளியளவு, மறுஅறுவை, ஆறுமாதப் பார்வை ஆகியவற்றைப் பொதுப்பதிவேட்டில் சேர்ப்பதே நடைமுறை வழி. அறுவை எண்ணிக்கை அதிகமுள்ள இந்திய மருத்துவமனைகள் இதில் முன்கை எடுக்க முடியும், எடுக்க வேண்டும்.

அறுவையின்போதே ஓ.சி.டி. பார்ப்பதால் மாக்குலா அறுவையில் பார்வை மேம்படுகிறதா, குறைந்த ஒளியால் எந்த நோயாளிகள் உண்மையில் பயனடைகிறார்கள், திரையில் பயின்றவர் விரைவாகத் தேறுகிறாரா என்ற மூன்று கேள்விகளும் திறந்தே இருக்கின்றன. அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, புதிதாகத் தொடங்கும் ஒரு மாவட்ட விழித்திரைப் பிரிவு முதலில் வாங்க வேண்டியவை நல்ல நுண்ணோக்கி, பிம்பம் நிமிர்த்தியுடன் கூடிய அகலக்கோண அமைப்பு, பாதுகாப்பான சாயம். முப்பரிமாணத் திரை பயிற்சி நடக்கும் இடங்களுக்கும், நுண்ணோக்கியில் பொருந்திய ஓ.சி.டி. விழித்திரைக்கு அடியில் சிகிச்சை செய்யும் உயர்நிலை மையங்களுக்கும் உரியவை என்பதே இன்றுள்ள சான்றுகள் தாங்கும் தீர்ப்பு.